289 ரூபாய் டிம்சம்: நான் ஏமாந்தது எங்கே?



போன வாரம் லைவ்ல ஒரு தம்பி கேட்டார்: "மேடம், நீங்க சிஏ ஆச்சே, நீங்களும் காசை வேஸ்ட் பண்ணுவீங்களா?" சிரிச்சிட்டு அடுத்த கேள்விக்குப் போயிட்டேன். அவருக்கு நேர்மையா ஒரு பதில் சொல்லணும்னு அப்புறம் தோணுச்சு. அதுதான் இந்தப் பதிவு.

பண்ணுவேன் தம்பி. செப்டம்பர் மாசம், ஒரு புதன்கிழமை, ராத்திரி 9.40 மணிக்குப் பண்ணினேன். ரசீது இன்னும் ஃபோன்ல இருக்கு.

எங்க தொழில்ல செப்டம்பர்னா ஆடிட் சீசன். 30ஆம் தேதி டாக்ஸ் ஆடிட் ரிப்போர்ட்டுக்குக் கடைசி நாள். அன்னிக்கு மதியச் சாப்பாடே 3 மணிக்குத்தான், அதுவும் ஒரு டப்பா தயிர் சாதம். வீட்டுக்கு வந்து சேரும்போது மழை. வீட்டுக்காரருக்கு நைட் ஷிஃப்ட். ஃப்ரிட்ஜைத் திறந்தா இட்லி மாவு இருந்தது. ஆனா ஊத்தணும், சட்னி அரைக்கணும், பாத்திரம் கழுவணும். ஃப்ரிட்ஜை மூடிட்டு ஆப்பைத் திறந்தேன்.

முதல் பக்கத்துலேயே ஒரு படம். மூங்கில் கூடை, அதுல ஆவி பறக்கிற எட்டு சிக்கன் டிம்சம். "ரெடி டு ஈட். 2 நிமிடம் மைக்ரோவேவ்." 200 கிராம், விலை 289 ரூபாய்.

கார்ட்ல போட்டேன். "இன்னும் 10 ரூபாய்க்கு வாங்கினால் டெலிவரி இலவசம்"னு ஒரு பச்சைக் கோடு வந்தது. டெலிவரிக் கட்டணம் 25 ரூபாய். அதை மிச்சம் பிடிக்க 60 ரூபாய்க்கு ஒரு மாதுளை ஜூஸ் போட்டேன். கணக்கு புரியுதா? 25 ரூபாய் மிச்சம் பிடிக்க 60 ரூபாய் செலவு. இதைச் செஞ்சது ஊருக்கெல்லாம் கணக்கு பார்த்துக் கொடுக்கிற ஒரு சிஏ. அப்புறம் கையாளும் கட்டணம் 12, மழைக் கட்டணம் 15. மொத்தம் 376 ரூபாய்.

எட்டுப் பீஸுக்கு 376. ஒரு டிம்சம் 47 ரூபாய்.

12 நிமிஷத்துல வந்துடுச்சு. கறுப்பு பிளாஸ்டிக் தட்டு, மேல ஒரு பிளாஸ்டிக் தாள். சொன்ன மாதிரியே 2 நிமிஷம் வெச்சேன். வெளியே எடுத்தா ஓரமெல்லாம் ரப்பர் மாதிரி விறைச்சிருக்கு, நடுவுல சில்லுனு இருக்கு. கையால எடுத்தா மேல்தோல் மட்டும் கையோட வருது, உள்ள இருக்கிறது தட்டோட ஒட்டிக்கிட்டு நிக்குது. வாயில போட்டா முட்டைக்கோஸ் வாசனை. சாஸ் பாக்கெட் பூராவும் சர்க்கரையும் மிளகாயும்.

மூணாவது பீஸ்ல அம்மா ஃபோன் பண்ணினாங்க.

"சாப்டியாடி?"

"சாப்பிட்டுட்டே இருக்கேன்மா. டிம்சம்."

"அது என்னது?"

"கொழுக்கட்டை மாதிரிமா, உள்ள சிக்கன்."

"நல்லா இருக்கா?"

"ம்ம்... நல்லாதான் இருக்கு."

ஏன் அப்படிச் சொன்னேன்? அம்மாகிட்ட 289 ரூபாய் குடுத்து ஏமாந்தேன்னு சொல்ல மனசு வரல. அதைவிடப் பெரிய விஷயம், எனக்கே அதை ஒத்துக்க மனசு வரல. எட்டையும் சாப்பிட்டேன். பசியும் போகல. 10.30 மணிக்கு மழை விட்டதும் தெருமுனை கையேந்தி பவன்ல நின்னு 40 ரூபாய்க்கு நாலு இட்லி சாப்பிட்டுட்டு வந்து படுத்தேன். அன்னிக்கு என் ராத்திரிச் சாப்பாட்டுச் செலவு 416 ரூபாய்.

பொய் எங்கேயுமே இல்ல!

மறுநாள் காலையில கோபம். புகார் பண்ணியே ஆகணும்னு குப்பைத் தொட்டியில இருந்து அந்த அட்டையை எடுத்துப் படிச்சேன். ஆடிட்டர் புத்தி, ஆவணம் இல்லாம பேச மாட்டோம்.

படிக்கப் படிக்கக் கோபம் இறங்கிடுச்சு. ஏன்னா அதுல எல்லாமே எழுதியிருந்தது.

சேர்மானப் பட்டியல்ல முதல் பெயர் மைதா. அடுத்து தண்ணீர், முட்டைக்கோஸ், அதுக்கு அப்புறம்தான் சிக்கன், 22%. நம்ம நாட்டு உணவு லேபிள் விதிப்படி, சேர்மானங்களை எடை அதிகமா இருக்கிறதுல இருந்து குறைவா இருக்கிறது வரைக்கும் வரிசையா எழுதணும். பாக்கெட்ல ஒரு பொருளைப் பெயராலோ படத்தாலோ முன்னிறுத்தினா அது எத்தனை சதவீதம்னும் போடணும். அவங்க போட்டிருந்தாங்க. 200 கிராம்ல 22%னா 44 கிராம் சிக்கன். அந்த வாரம் எங்க தெரு கறிக்கடையில கிலோ 260. அப்போ 44 கிராமோட விலை 11 ரூபாய் 44 காசு.

இதோட நிறுத்தினா அது நியாயமான கணக்கு ஆகாது. மடிச்சவங்க கூலி, குளிர்சாதன வண்டி, பேக்கிங், விக்காம போறதோட நஷ்டம், ஆப்போட கமிஷன் எல்லாம் அந்த 289க்குள்ள இருக்கு. மூலப்பொருள் விலையை மட்டும் வெச்சு "கொள்ளை அடிக்கிறாங்க"ன்னு சொல்றது ரீல்ஸுக்கு நல்லா இருக்கும், கணக்குக்கு நிக்காது. நான் சொல்ல வர்றது வேற. படத்தைப் பார்த்து சிக்கன் வாங்குறேன்னு நினைச்சேன், வாங்கினது மைதா. லேபிளைப் படிச்சிருந்தா வாங்குறதுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கும்.

அட்டையோட பின்பக்கம் இன்னொரு வரி: "சிறந்த சுவைக்கு 6 நிமிடம் ஆவியில் வேகவைக்கவும்."

இதைப் படிச்சதும் சிரிப்பு வந்துடுச்சு. தண்ணி கொதிக்க 5 நிமிஷம், ஆவியில 6 நிமிஷம். மொத்தம் 11. ஃப்ரிட்ஜ்ல இருந்த மாவை ஊத்தியிருந்தா இட்லியும் ஏறக்குறைய அதே நேரத்துலதான் வெந்திருக்கும். நான் காசு குடுத்தது "ரெடி டு ஈட்"ங்கிற மூணு வார்த்தைக்கு. அந்த மூணு வார்த்தையையும் அந்த ஒரு வரியே வாபஸ் வாங்கிடுச்சு.

எடை சரி, தேதி சரி, லேபிள் சரி. எம்ஆர்பிக்கு மேல ஒரு ரூபாய்கூட வாங்கல. கையாளும் கட்டணம் எம்ஆர்பிக்குள்ள வராது, அது சேவைக்கான கட்டணம், பணம் கட்டுறதுக்கு முன்னாடி திரையில காட்டிட்டாங்க. எனக்குப் பிடிக்கலைங்கிறதைத் தவிர என்கிட்ட வேற புகார் இல்ல.

உங்க விஷயத்துல நிஜமாவே தப்பு இருந்தா சும்மா விடாதீங்க. எடை குறைவு, காலாவதி, கேக்காம கார்ட்ல சேர்த்த பொருள், கடைசித் திரையில திடீர்னு முளைக்கிற கட்டணம், இதுக்கெல்லாம் வழி இருக்கு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இந்த மாதிரி ஏமாத்துற திரை வடிவமைப்புகள்ல 13 வகையைப் பட்டியல் போட்டு 2023லயே மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வழிகாட்டுதல் கொண்டு வந்திருக்கு. ஆனா "சுவையா இல்ல"ங்கிறது அந்தப் பட்டியல்ல இல்ல. அதை நாமதான் கணக்குல எழுதிக்கணும்.

ஆவியோட விலை

டிம்சம் மேலயே தப்புன்னு நினைச்சுடாதீங்க. 2018ல ஒரு வேலையா ஹாங்காங் போனப்போ அதைச் சாப்பிட்டிருக்கேன். மோமோ திபெத், நேபாளப் பக்கத்துப் பலகாரம். டிம்சம் தென்சீனாவுல கான்டன் பகுதித் தேநீர்க் கடைகளோட பலகாரம். டீதான் அங்கே முக்கியம், பலகாரம் அதுக்குத் துணை. பெரியவங்க காலையிலேயே பேப்பரோட வந்து உட்கார்ந்துடுறாங்க. பக்கத்துல இருக்கிறவர் நம்ம கோப்பையில டீ ஊத்தினா ரெண்டு விரலால மேஜையை மெதுவா தட்டுறாங்க, அதுதான் நன்றி. கூடையைத் திறந்தா நாலு இறால் டிம்சம், தோல் கண்ணாடி மாதிரி, உள்ள இருக்கிற இறாலோட நிறம் வெளியே தெரியுது. அந்தத் தோல் கோதுமை ஸ்டார்ச்சுல செய்றது, வெந்த உடனே சாப்பிட்டாத்தான் அந்த மென்மை.

ஆறினா போச்சு. வெந்த மாவு குளிர்ல இறுகும். ராத்திரி மிஞ்சின இட்லியைக் காலையில ஃப்ரிட்ஜ்ல இருந்து எடுத்தா கல்லு மாதிரி இருக்குமே, அதே கதை. மைக்ரோவேவ் அதை ஒரே சீரா சூடாக்காது, ஓரத்துல இருக்கிற ஈரத்தையும் இழுத்துடும். அந்த டிம்சமை இட்லிக் குண்டான்ல வெச்சிருந்தா பாதியாவது தேறியிருக்கும்.

ஆக, அந்தப் பலகாரத்தோட மதிப்புல பெரும்பங்கு அந்த ஆவியிலதான் இருக்கு. பாக்கெட் அந்த ஆவியைப் படமா மட்டும்தான் விக்க முடியும். நான் ஹாங்காங் ஞாபகத்துக்கு 289 ரூபாய் குடுத்தேன். வந்தது ஞாபகத்தோட அட்டைப்பெட்டி.

மூணாவது பீஸோட நிறுத்தியிருக்கணும்

அக்கவுண்டிங் ஸ்டாண்டர்டு 2ன்னு ஒண்ணு இருக்கு. சிஏ படிக்கிற பசங்க மனப்பாடமா சொல்வாங்க: கையிருப்புச் சரக்கை வாங்கின விலை, வித்தா கைக்கு வரக்கூடிய விலை, இதுல எது குறைவோ அந்த மதிப்புக்குத்தான் புத்தகத்துல காட்டணும். ஒரு கடைக்காரர் 1000 ரூபாய்க்கு வாங்கின சட்டை இன்னிக்கு 300க்குத்தான் போகும்னா, புத்தகத்துல 300தான். "ஆனா நான் 1000 குடுத்தேனே"ன்னு அவர் சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

அந்த ராத்திரி நான் என்ன பண்ணினேன்? மூணாவது பீஸ்லயே அந்தத் தட்டோட மதிப்பு பூஜ்யம்னு நாக்குக்குத் தெரிஞ்சுடுச்சு. ஆனா மனசுல இருக்கிற புத்தகத்துல அது இன்னும் 289ஆவே உட்கார்ந்திருக்கு. அதனால மீதி அஞ்சையும் சாப்பிட்டேன். சாப்பிட்டதால 289 திரும்பி வந்துடுச்சா? வயிறு கனத்ததுதான் மிச்சம்.

இது டிம்சமோட நிக்கிற பழக்கம் கிடையாது. போகாத ஜிம்முக்கு "கட்டிட்டோமே"ன்னு புதுப்பிக்கிறது, பிடிக்காத கோர்ஸை "பணம் கட்டியாச்சே"ன்னு ஆறு மாசம் இழுக்கிறது, தெரிஞ்சவர் தலையில கட்டின இன்சூரன்ஸ் பாலிசிக்கு "மூணு வருஷம் கட்டிட்டோமே"ன்னு மேல மேல கட்டுறது, எல்லாமே அதே அஞ்சு பீஸ்தான். போன பணம் போனதுதான். இனிமே போகப் போற பணமும் நேரமும் மட்டும்தான் உங்க கையில இருக்கு.

நானே போட்ட ரீல்ஸுக்கு ஒரு திருத்தம்

இந்த இடத்துல "வெளிச் சாப்பாட்டை நிறுத்துங்க, அந்த 4,000 ரூபாயை மாசாமாசம் எஸ்ஐபில போடுங்க, 20 வருஷத்துல 40 லட்சம்"னு நான் சொல்வேன்னு எதிர்பார்ப்பீங்க. அப்படி ஒரு ரீல்ஸ் நானே போட்டிருக்கேன், நல்லாவும் ஓடுச்சு. இன்னிக்கு அதுல மூணு திருத்தம் சொல்லணும்.

ஒண்ணு, அந்த 40 லட்சம் வருஷத்துக்கு 12% வரும்னு வெச்சுப் போட்ட கணக்கு. அதுக்கு யாரும் கேரண்டி குடுக்க முடியாது. ரெண்டு, விலைவாசி வருஷத்துக்கு 6% ஏறுதுன்னு வெச்சா, 20 வருஷம் கழிச்சு வர்ற அந்த 40 லட்சத்தோட இன்றைய மதிப்பு சுமார் 12.5 லட்சம்தான். நல்ல தொகைதான், ஆனா ரீல்ஸ்ல காட்டினது இல்ல. மூணாவதுதான் முக்கியம்: ஆர்டர் பண்ணாம விட்ட காசு தானா எஸ்ஐபிக்குப் போகாது. சம்பளம் வந்த மறுநாளே எடுக்கிற மாதிரி ஆட்டோ டெபிட் போட்டாத்தான் போகும். இல்லன்னா அது வேற ஏதாவது ஆப்புக்குப் போகும்.

அதோட, 10 மணி நேரம் வேலை பார்த்துட்டு ஒண்டியா ரூமுக்கு வர்ற 25 வயசுப் பையன்கிட்ட "சாப்பாட்டை நிறுத்து"ன்னு சொல்றது அட்வைஸே இல்ல. அவனுக்கு அது ஒரு நாளோட ஒரே சந்தோஷமா இருக்கலாம். சந்தோஷத்தை வெட்டச் சொல்ற பட்ஜெட் பத்து நாள்கூட நிக்காது.

அதனால இப்போ நான் சொல்றது இதுதான்: செலவைக் குறைக்கிறதுக்கு முன்னாடி ஏமாற்றத்தைக் குறைங்க.

என் ஏமாற்றக் கணக்கு

அந்த வாரக் கடைசியில உட்கார்ந்து ஜூலையில இருந்து செப்டம்பர் வரைக்கும் என் ஆப் ஆர்டர்களை எடுத்தேன். ராத்திரிச் சாப்பாடு மட்டும். 30 ஆர்டர், 10,200 ரூபாய். ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல ஒரே கேள்வி: இதை மறுபடி வாங்குவேனா?

நிச்சயம் வாங்குவேன்: 9 ஆர்டர், 3,350 ரூபாய்.
பரவாயில்ல: 8 ஆர்டர், 2,430 ரூபாய்.
ஏமாந்தேன்: 13 ஆர்டர், 4,420 ரூபாய்.

நூத்துக்கு 43 ரூபாய் ஏமாற்றத்துக்குப் போயிருக்கு. சரி, ஆடிட் சீசன், போகட்டும். ஆனா என்னை உலுக்கினது வேற ஒண்ணு. அந்த 13ல 4 ஆர்டர் ஒரே கடையோட ஒரே நூடுல்ஸ். நாலு தடவையும் பிடிக்கல. நாலு தடவையும் அம்மாகிட்ட சொன்ன மாதிரியே "நல்லாதான் இருக்கு"ன்னு எனக்கு நானே சொல்லிட்டு மறந்திருக்கேன். ஏமாந்ததை எழுதி வெக்காததால அதே இடத்துல மறுபடி மறுபடி ஏமாந்தேன். ஒரு கம்பெனி வராக்கடனைப் புத்தகத்துல எழுதாம மறைச்சு, அதே ஆளுக்கு மறுபடி கடன் குடுத்தா நான் என்ன ரிப்போர்ட் எழுதுவேன்னு யோசிச்சுப் பார்த்தேன். வெக்கமா இருந்தது.

நீங்க என்ன பண்ணலாம்?

முதல்ல இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு அரை மணி நேரம் எடுத்து இதே கணக்கைப் போடுங்க. எக்செல் எல்லாம் வேண்டாம், பேப்பர் போதும். மூணு கட்டம். முதல் கட்டத்துல வர்றதைத் தொடவே தொடாதீங்க. அந்தப் பிரியாணி உங்களுக்கு சந்தோஷம் குடுக்குதுன்னா அது செலவு இல்ல, அதுக்குத்தான் சம்பாதிக்கிறோம். மூணாவது கட்டத்துல இருக்கிற பெயர்களை மட்டும் ஃபோன்ல ஒரு நோட்ல எழுதி வெச்சுக்கோங்க. ஆர்டர் பண்றதுக்கு முன்னாடி அதை ஒரு தடவை பாருங்க.

பாக்கெட் உணவு வாங்கும்போது ரெண்டே விஷயம் பாருங்க: 100 கிராம் என்ன விலை, சேர்மானத்துல முதல் மூணு என்ன. என் டிம்சம் 100 கிராம் 144 ரூபாய் 50 காசு, முதல் மூணு மைதா, தண்ணி, முட்டைக்கோஸ். இதை மட்டும் பார்த்திருந்தா போதும், பதிவே எழுத வேண்டி வந்திருக்காது.

இலவச டெலிவரிக்காகக் கூடுதலா எதையும் போடாதீங்க. அந்தக் கூடுதல் பொருள் நாளைக்கு எப்படியும் வாங்கப் போறதா இருந்தா மட்டும் சரி. என் மாதுளை ஜூஸ் நாலு நாள் ஃப்ரிட்ஜ்ல இருந்துட்டு கடைசியில குப்பைக்குத்தான் போச்சு.

ராத்திரி 9.40க்கு முடிவு எடுக்காதீங்க. 6 மணிக்கு, டீ குடிக்கும்போதே முடிவு பண்ணிடுங்க. அதுக்கும் முடியாத நாளுக்கு வீட்டுல ஒரு அவசரச் சாப்பாடு இருக்கட்டும். எமர்ஜென்சி ஃபண்ட்னு வாய் வலிக்கச் சொல்றேனே, வயித்துக்கும் அது வேணும். மாவு, நாலு முட்டை, ஒரு பாட்டில் இட்லிப் பொடி. பொடி இருந்திருந்தா அன்னிக்கு சட்னிங்கிற சாக்கே எனக்குக் கிடைச்சிருக்காது.

கடைசியா, பிடிக்கலைன்னா ரெண்டாவது வாயோட நிறுத்துங்க. உணவை வீணாக்கச் சொல்றாளேன்னு தோணும். அடுத்த தடவை வாங்காம இருக்கிறதுதான் நிஜமான மிச்சம்.

அக்டோபர்ல நான் 8 ஆர்டர்தான் பண்ணினேன். ஏமாற்றக் கட்டத்துல ஒண்ணே ஒண்ணு, 210 ரூபாய். பெரிய சாதனை ஒண்ணும் இல்ல, ஆடிட் சீசன் முடிஞ்சதும் ஒரு காரணம். அடுத்த ஜூலை வரும்போதுதான் நிஜமான பரீட்சை.

தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ அம்மாகிட்ட உண்மையைச் சொல்லிட்டேன். "அந்தக் கொழுக்கட்டை நல்லாவே இல்லமா, 289 ரூபாய்." அம்மா கொஞ்ச நேரம் எதுவும் சொல்லல. அப்புறம், "அன்னிக்கே தெரியும்டி, உன் குரல்லயே தெரிஞ்சது"ன்னாங்க.

உங்க மூணு கட்டத்துல எந்தக் கட்டம் பெருசா இருக்குன்னு கணக்கு போட்டுட்டு கமெண்ட்ல சொல்லுங்க. தொகை வேண்டாம், சதவீதம் மட்டும் போதும். அடுத்த வீடியோவுல "கட்டிட்டோமே"ன்னு இழுத்துக்கிட்டு இருக்கிற இன்சூரன்ஸ் பாலிசியை எப்போ நிறுத்தலாம், எப்போ நிறுத்தக் கூடாதுன்னு பார்க்கலாம்.